டின் காய்கறியா, பச்சைக் காய்கறியா?

புரட்டாசி வந்தால் நம்மில் பலர் சைவத்துக்கு மாறிவிடுவோம். வீட்டில் இருப்பவர்களுக்கு அம்மா சமையல். விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு? பெரும்பாலும் இன்ஸ்டன்ட் மீ, கூடவே பேக்ட் பீன்ஸ், சோளம், காளான் என்று சில டின்கள். அதைப் பார்த்ததும் யாராவது ஒருத்தர் சொல்வார்: "டின் காய்கறியில சத்தே இல்ல!" இது உண்மையா? வாங்க, பார்ப்போம்.

1. டின்னுக்குள் என்ன நடக்கிறது?

காய்கறியை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தத்தில் ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பெரிய பிரஷர் குக்கர் மாதிரிதான். போட்டுலினம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில்கூடத் தப்பிவிடும். அதனால்தான் இவ்வளவு சூடு. டின் உணவு பல மாதம் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தச் சூடும் இறுக்கமான மூடியும்தான்.

2. எது போகிறது, எது நிற்கிறது?

வைட்டமின் சி, பி1 இரண்டும் சூட்டில் அழியும், தண்ணீரிலும் கரையும். அதனால் டின்னில் இவைதான் அதிகம் குறைகின்றன. நார்ச்சத்தும் புரதமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பட்டாணியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சைப் பட்டாணியில் சுமார் 40 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. டின் பட்டாணியில் சுமார் 10தான். பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் பட்டாணியை யார் பச்சையாகச் சாப்பிடுகிறார்கள்? வேகவைத்தால் அதே 40, ஏறக்குறைய 14 ஆகிவிடும். ஆகவே நியாயமான ஒப்பீடு 40க்கும் 10க்கும் அல்ல, 14க்கும் 10க்கும்தான். தட்டில் விழுவதைத்தான் கணக்கிட வேண்டும்.

தக்காளியில் கதையே வேறு. அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீன் என்ற சத்தை, சூடாக்கிய தக்காளியிலிருந்துதான் நம் உடல் சுலபமாக உறிஞ்சும். இந்த ஒரு விஷயத்தில் டின் தக்காளிக்கே வெற்றி.

3. 'பச்சை' என்றால் புதியதா?

கேமரன் மலையில் பறித்த காய் லாரி ஏறி, சந்தைக்கு வந்து, நம் ஃபிரிஜ்ஜில் கிடந்து, பிறகுதான் சட்டிக்குப் போகிறது. பறித்த நொடியிலிருந்தே வைட்டமின் சி குறைய ஆரம்பிக்கும். ஃபிரிஜ்ஜில் ஒரு வாரம் கிடந்த பீன்ஸ், அதில் பாதிக்கு மேல் இழந்திருக்கும். கீரை வகைகள் இன்னும் வேகமாக இழக்கும். வாரக்கணக்கில் வாடிய காயைப் 'பச்சை' என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

4. உண்மையான சிக்கல் உப்பு

100 கிராம் பச்சைப் பட்டாணியில் சோடியம் சுமார் 5 மில்லிகிராம்தான். உப்பு சேர்த்த டின் பட்டாணியில் 200க்கும் மேல். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 2,000 மில்லிகிராமுக்குள். பல இன்ஸ்டன்ட் மீ பாக்கெட்டுகளில் மட்டுமே 1,000க்கு மேல் இருக்கிறது. அதோடு ஒரு டின் பேக்ட் பீன்ஸும் சேர்ந்தால்? ஒரே வேளையில் அன்றைய அளவு முடிந்துவிடும். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம். விரதம் இருந்து உப்பை ஏற்றிக்கொள்வது உடம்புக்குச் செய்யும் நன்மை அல்ல.

5. நாம் என்ன செய்யலாம்?

- கங்கோங், சாவி போன்ற கீரைகளைப் பச்சையாகவே வாங்குங்கள். வாங்கிய ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள்.
- பட்டாணிக்கு, உறைய வைத்த பாக்கெட் நல்ல தேர்வு. பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைப்பதால் சத்து நிற்கும். பெரும்பாலும் உப்பும் இருக்காது.
- டின் கடலை, சோளம், காளான் என்றால் நீரை வடித்து, ஒருமுறை கழுவுங்கள். உப்பு கணிசமாகக் குறையும்.
- பேக்ட் பீன்ஸைக் கழுவ முடியாது. அதைத் தினமும் சாப்பிட வேண்டாம். மீயோடு சேர்த்தால் மசாலாத் தூளில் பாதி போதும்.
- இழந்த வைட்டமின் சியை ஈடுகட்ட ஒரு கொய்யா போதும்.
- உப்பிய அல்லது கசியும் டின்னை ருசி பார்க்கவே கூடாது. தூக்கி எறியுங்கள்.

அடுத்த வகுப்புக்கு: உங்கள் அறையில் இருக்கும் மூன்று டின்களின் லேபிளைப் படித்து, சோடியம் அளவை எழுதி வாருங்கள். மலாயில் 'நாத்ரியம்' என்று போட்டிருக்கும். யாருடைய டின்னில் குறைவு என்று சேர்ந்து பார்ப்போம்.