இல்லச் சிகிச்சையும் சென்னை ஆராய்ச்சியும்

சயரோகங் கண்டவரை ஊர்ப்புறத்தேயுள்ள ஓர் ஆரோக்கிய நிலையத்திற் சேர்த்தலே முறையென்பது நம் முன்னோர் காலத்துக் கொள்கை. தூய காற்றும், நீண்ட ஓய்வும், பாலும் முட்டையும் மிகுந்த உணவுமே அக்காலத்தில் மருந்தெனக் கருதப்பட்டன. காங்கேசன்துறைச் சயரோக வைத்தியசாலையை நினைவிற்கொண்டுள்ள பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோநயசிட்டும் வழக்கில் வந்தபின் ஒரு வினா எழுந்தது: கிருமியைக் கொல்வது மருந்தாயின், படுக்கை எதற்கு?

வறிய நாடுகளுக்கு இஃது உயிர்ப்பிரச்சினை. அங்கே நோயாளர் தொகைக்கேற்ற படுக்கைகள் இல்லை. நோயாளியை வீட்டில் விட்டாலோ, மனைவி மக்களையும் நோய் பற்றுமென்ற அச்சம் நின்றது. இதனைத் தெளிவாக்கும்பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியன கூடி 1956இற் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் பொக்ஸ் அதன் முதற் றலைவராயினார்.

வறிய நோயாளர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். யாரை எப்பிரிவிற் சேர்ப்பதென்பது வைத்தியரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை; குலுக்கற் சீட்டுப் போலத் தற்செயலாகவே தீர்மானிக்கப்பட்டது. இதன் அருமையை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். வைத்தியரே தெரிந்திருப்பின், இரக்கத்தினாற் கடும் நோயாளரை ஆரோக்கிய நிலையத்திற்கு அனுப்பியிருப்பர். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிடுதல் பயனற்றதாகும். இரு சாராருக்கும் ஐசோநயசிட்டும் பி.ஏ.எஸ். என்னும் மருந்துமே ஓராண்டு வழங்கப்பட்டன.

1959இல் முடிவு வெளிவந்தது. நிலையத்திற் றங்கியோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும் ஆண்டிறுதியிற் கிருமி அடங்கப்பெற்றனர். வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தவர். உணவிலும் ஓய்விலும் குறைவுற்றவர். அவர்தம் உடல் நிறையும் அத்துணை ஏறவில்லை. எனினும் வேறுபாடு சிறிதே. குடும்பத்தினரை ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்தபோதும், வீட்டிற் சிகிச்சை பெற்றோரின் உறவினர்க்கு மிகுதியான ஆபத்துக் காணப்படவில்லை.

நாம் பெரிதும் மதிப்பது, இவ்வாராய்ச்சியாளர் தம் முறையின் குறையையும் தாமே தேடிச் சென்றமையை. பி.ஏ.எஸ். வயிற்றைக் குமட்டும் மருந்து. நாடோறும் பல கிராம் விழுங்கல் வேண்டும். சில திங்களில் இருமல் நீங்கிவிடும். நோய் நீங்கிற்றென எண்ணி மருந்தை நிறுத்துவோர் பலர். “மருந்து உண்டீரா?” என்று கேட்டால் “ஆம்” என்ற விடையே வரும். ஆதலின் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சிய மருந்தை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர். பொய்யுரைத்தாரென நோயாளியைப் பழித்தல் எளிது. இருமல் நின்றபின்னும் கிருமி சாகவில்லை என்பதை அவர் விளங்கும் மொழியில் எவர் எடுத்துரைத்தார் என்று கேட்பதே நேர்மையென்பது நம் கருத்து.

அடுத்து அந்நிலையம், வாரத்தில் இருமுறை நோயாளி நேரில் வந்து ஊழியர் முன்னிலையில் மருந்து பெறும் முறையைச் சோதித்தது. இதுவும் நாளாந்த மருந்துக்குக் குறைந்ததன்றென 1964இல் வெளியான அறிக்கை காட்டியது. 1990களில் உலக சுகாதார தாபனம் நாடுகள்தோறும் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இதுவே ஓர் அடிப்படையாயிற்று. கண்காணிப்பென்றாற் காவலென்று சிலர் கருதுவர். ஆயின், வயிற்றெரிவையும் வேலைக்குச் செல்லும் அவசரத்தையும் வாய்விட்டுச் சொல்ல, வாரந்தோறும் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும் வாய்ப்பும் அதனாலேயே நோயாளிக்குக் கிடைக்கிறது.