கூத்துப் போடக் காசு யார் தருவார்?

கேள்வி: ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பும் வருடத்துக்கொரு வாணி விழாவும் நடத்துகிறோம். இந்த முறை இங்கே பிறந்த பிள்ளைகளை வைத்து வடமோடிப் பாணியில் ஒரு கூத்துப் போட ஆசைப்படுகிறோம். கொப்பன்ஹேகனில் உள்ள இரண்டு பெரிய நிதியங்களுக்கு விண்ணப்பித்தோம். இரண்டுமே இரண்டு வரியில் மறுத்துவிட்டன. நாங்கள் தமிழர் என்பதாலா? எப்படி எழுதினால் கிடைக்கும்? யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகி, டென்மார்க்

பதில்: சகோதரி, நீங்கள் இணைத்து அனுப்பிய விண்ணப்பம் யார் பெயரில் போயிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும். முதல் பக்கம் முழுக்கச் சங்கத்தின் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் கூத்தின் தொன்மை. காசு எதற்கு என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் கிடக்கிறது: 'எமது பண்பாட்டைக் காக்க 1,00,000 குரோனர் தந்துதவுங்கள்.' உங்கள் பண்பாட்டைக் காப்பது உங்கள் கடமை, அவர்களுடையது அல்ல. அவர்களுக்கென்று ஒரு நோக்கம் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே காசு கொடுக்க டென்மார்க்கில் எந்த நிதியத்துக்கும் உரிமை இல்லை.

ஆகவே எழுதுவதற்கு முன் வாசிக்க வேண்டும். ரியல்டானியா என்ற அமைப்பின் அக்கறை கட்டடங்களும் ஊர்ச்சூழலும். அதனிடம் கூத்துடுப்புக்குக் காசு கேட்டால் கிடைக்காது. துபோர் நிதியம் இளைஞர்கள் ஒன்றுகூடிச் செய்பவற்றுக்குக் கொடுப்பது. நோர்டியா நிதியம் உடல்நலம், இயற்கை, பண்பாடு என்று 'நல்ல வாழ்வு' பற்றிப் பேசுவது. பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம் நம் சங்கங்களில் நிறைய உண்டு. வாசிப்பவருக்கு அது முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கொப்பன்ஹேகனுக்கு ஏன் ஓடினீர்கள்? உங்கள் ஊர் நிர்வாகமான கொமியூனிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அங்கே மக்கள் கல்விச் சட்டத்தின் கீழ், 25 வயதுக்குட்பட்டோருக்கான சங்கச் செயற்பாடுகளுக்கு உதவித்தொகை உண்டு. ஒத்திகைக்கு மண்டபமும் கேட்கலாம். இவற்றைப் பெறச் சங்கத்துக்கு எழுதிய யாப்பு, பொதுக்கூட்டத்தில் தெரிவான நிர்வாக சபை, பரிசோதித்த கணக்கறிக்கை, சி.வி.ஆர். பதிவு இலக்கம், அதோடு இணைந்த வங்கிக்கணக்கு எல்லாம் வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் சங்கக் காசு புரளுகிறதென்றால் இன்றே நிறுத்துங்கள். பிறகு உங்கள் ஊரிலேயே இருக்கிறது ஃபேர்க் நிதியம். ஃபேர்க் குடும்பத்தின் புகையிலைத் தொழிற்சாலையில் முளைத்தது அது. ஊர்க் கலைக்கூடம் இருப்பதும் அந்தக் குடும்பத்தின் பழைய மாளிகையில்தான். ஊரை அறிந்தவர்களிடம் ஊருக்கான வேலையைச் சொல்லிக் கேட்பது எளிது.

ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கைதான். 1964இல் ஒஸ்லோவில் எயுஜேனியோ பார்பா ஒரு நாடகக் குழு தொடங்கினார். நாடகப் பள்ளியில் இடம் கிடைக்காத இளைஞர்கள்தான் அவருடைய நடிகர்கள். 1966இல் உங்கள் கொமியூன் ஓடின் அரங்கு என்ற அந்தக் குழுவை அழைத்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டையும் கொஞ்சம் காசையும் கொடுத்தது. பதிலுக்கு ஊருக்குக் கிடைத்தது ஓர் அரங்க ஆய்வுக்கூடம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அதே காலத்தில் சிற்பி ஜாக்கோமெற்றியின் சிலை ஒன்றைக் கொமியூன் வாங்கியதற்கும் வரிப்பணம் வீண் என்ற முணுமுணுப்பு எழுந்தது. இன்று அந்தச் சிலைக்கு 'வண்டி மேல் மாரென்' என்று செல்லப்பெயர் வைத்து அழைக்கிறார்கள். நம் பக்கத்திலும் அதே ஆண்டுகளில்தான் இலங்கையின் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'இராவணேசன்' போன்ற கூத்துகளை மேடையேற்றிக்கொண்டிருந்தார். பார்பாவே 1963இல் கேரளம் போய்க் கதகளிப் பயிற்சியைப் பார்த்துவந்தவர். மத்தளம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு முகம் சுளிக்கும் ஊர் அல்ல உங்களுடையது. ஆகவே 'எங்களுக்கு இது வேண்டும்' என்பதை விட்டு, 'ஊருக்கு இது கிடைக்கும்' என்று எழுதுங்கள்.

உங்கள் முதல் பந்தியை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

'ஒக்டோபர் முதல் மார்ச் வரை 14 தொடக்கம் 20 வயதுள்ள 16 இளையோர், கூத்து ஆசானான ஓர் அண்ணாவியாரிடம் வாரம் இரண்டு மாலை கூத்துப் பழகுவார்கள். அவர்களில் நால்வர் தமிழ் தெரியாத பள்ளித் தோழர்கள். மார்ச் மாதம் மூன்று காட்சிகள். ஒன்று பள்ளி மாணவர்களுக்கு இலவசம். கதை டேனிஷில் சொல்லப்படும். மொத்தச் செலவு 90,000 குரோனர். உங்களிடம் கேட்பது 40,000.'

இதில் யார், எப்போது, எத்தனை, எவ்வளவு எல்லாம் வந்துவிட்டன. எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். தமிழ் தெரியாத நால்வர் இல்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள். முதலில் போய் அவர்களை அழைத்து வாருங்கள். சங்க வரலாறு கடைசியில் நான்கு வரி போதும்.

வரவுசெலவில்தான் அதிக விண்ணப்பங்கள் விழுகின்றன. 90,000 என்றால் மீதி எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும்: கொமியூன் 25,000, சங்கம் 15,000, நுழைவுச்சீட்டு 10,000. கொமியூனின் முடிவு இன்னும் வரவில்லையென்றால் 'விண்ணப்பித்துள்ளோம்' என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அண்ணாவியாரின் பயணமும் கூலியும், உடுப்புத் தையல், மண்டபம், ஒளியமைப்பு ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். 'ஏனையவை 20,000' என்ற வரியைப் பார்த்தால் நானே தள்ளிவைத்துவிடுவேன். அம்மாமார் தைப்பதும் அப்பாமார் மேடை கட்டுவதும் இலவச உழைப்பு. அதை மணிக்கணக்கில் குறிப்பிடுங்கள், காசாகக் கூட்டி மொத்தத்தை ஊதாதீர்கள். நடந்து முடிந்த செலவுக்குப் பெரும்பாலான நிதியங்கள் கொடுக்காது, அதனால் உடுப்பு வாங்குமுன் விண்ணப்பம் போகவேண்டும்.

அனுப்புமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரிய இடம், தொந்தரவு செய்யலாமா என்று கூச்சப்பட வேண்டாம். 'இப்படி ஒரு திட்டம், உங்கள் நோக்கத்துக்குள் வருமா?' என்று கேட்டால் நேராகவே சொல்வார்கள். பேசுவது கூத்தாடப்போகும் பிள்ளைகளில் ஒருவராக இருப்பது இன்னும் நல்லது. விண்ணப்பத்தையும் அவர்களே டேனிஷில் எழுதட்டும், நீங்கள் கணக்கைப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கொமியூனின் இணையத்தளத்தில் விண்ணப்ப இறுதித் தேதியைப் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். ஃபேர்க் நிதியத்தின் நோக்கத்தை ஒருமுறை ஆற அமர வாசியுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.