பீப்பாய்க்கு ஒரு போர்வை

செம்பனை எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தால் இரண்டு பகுதிகள் கிடைக்கும். திரவமாகவே இருக்கும் ஓலின் நம் சமையலறைக்கு வருகிறது. கட்டியாக உறையும் ஸ்டியரின் சவர்க்காரத் தயாரிப்புக்குப் போகிறது. ஸ்டியரின் முழுமையாக உருக 44 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஆகவே, எவ்வளவு வெப்பமான நாளிலும் கிடங்கிலுள்ள 200 லிட்டர் பீப்பாயில் அது கட்டியாகவே கிடக்கும்.

அதை இளக்கி வெளியே எடுக்க உதவும் கருவிகளுள் ஒன்று வெப்பப் போர்வை. இரண்டு சிலிக்கோன் ரப்பர் தாள்களுக்கு இடையே மின்கம்பியை வளைத்து வளைத்துப் பதித்திருப்பார்கள். துணிபோல் வளையும்; பீப்பாய், குழாய், தொட்டி எதையும் சுற்றிக்கொள்ளும். போர்வையை வாங்குவது எளிது. பொருத்துவதில்தான் சிக்கல்.

வீட்டில் அடி நெளிந்த தோசைக்கல்லைத் தட்டையான மின்னடுப்பில் வைத்துப் பாருங்கள். அடுப்பைத் தொடும் இடத்தில் தோசை கருகும். தொடாத இடத்தில் மாவு வேகாது. காரணம், இடையில் புகுந்த காற்று. எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று கடத்தாது. வெப்பப் போர்வையின் நிலை இன்னும் மோசம். போர்வைக்கும் பீப்பாய்க்கும் நடுவே காற்று நின்றுவிட்டால், அங்கே பிறக்கும் வெப்பம் போக வழியின்றிப் போர்வைக்குள்ளேயே தேங்கும். ரப்பர் கருகும், கம்பி அறுந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். போர்வையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியின்மேல் மடித்துச் சுற்றுவதாலும் இதே கேடு நேரும்.

அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய பீப்பாய்களுக்குச் சுருள்வில்லே ஏற்றது. போர்வையின் இரு முனைகளிலும் உள்ள கொக்கிகளைச் சுருள்வில் இழுத்துப் பிடிக்கும். சாதாரணக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். பீப்பாயின் சுற்றளவு ஏறத்தாழ 180 சென்டிமீட்டர். வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் அது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் விரியும், ஆறியதும் சுருங்கும். விரியும்போது கம்பி ரப்பரை அறுக்கும். சுருங்கும்போது கட்டுத் தளரும், இடைவெளி விழும். சுருள்வில்லோ பீப்பாயோடு சேர்ந்து நீண்டு குறுகும்.

வெல்குரோ பட்டையும் உண்டு. விரைவாக மாட்டலாம், ஆனால், அதிக வெப்பத்தைத் தாங்காது.

கழற்றவே தேவையில்லாத தொட்டிகளுக்குச் சிலிக்கோன் பசை பயன்படுகிறது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கையும் துருவையும் முற்றாக நீக்க வேண்டும். பின்னர் பசையைச் சீராகப் பூசி, போர்வையை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருளையால் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். பசை முழுமையாக இறுகும்வரை மின்சாரத்தை முடுக்கக் கூடாது. பொறுமையிழந்து இந்தக் கட்டத்தில் செய்யும் தவறு பின்னர் வெளியே தெரியாது. ஒட்டிய போர்வையைக் கிழிக்காமல் பிரிப்பதும் கடினம்.

பீப்பாயில் பாதி மட்டுமே சரக்கு இருந்தால், போர்வையை அந்த மட்டத்துக்குக் கீழே கட்ட வேண்டும். வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டினால் அங்கேயும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. வெப்பநிலை உணர்கருவி பீப்பாயைத் தொட்டபடி இருக்க வேண்டும். அது நழுவித் தொங்கினால், கட்டுப்படுத்தி அறையின் வெப்பத்தை அளந்துகொண்டு மின்சாரத்தை விடாமல் செலுத்தும்.

முடுக்குவதற்கு முன் பீப்பாயின் மூடியையும் தளர்த்த வேண்டும். இல்லையெனில் உள்ளே அழுத்தம் கூடி அது வெடிக்கலாம். அனுபவமுள்ள தொழிலாளர், சூடேறத் தொடங்கியதும் ஒருமுறை பீப்பாயைச் சுற்றிவந்து பார்ப்பார். எங்காவது விளிம்பு தூக்கியிருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடியும் கட்டுவார்.