எந்த ப்ராசஸரில் சோதிப்பது?

சி மொழியில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ப்ராசஸரில் நேர் கட்டளை இருப்பதில்லை. 32 பிட் ஏஆர்எம்மில் இரண்டு 64 பிட் எண்களை வகுக்க ஒற்றைக் கட்டளை கிடையாது. கம்பைலர் அந்த இடத்தில் ஓர் உதவி ஃபங்ஷனை அழைத்துவிடும். ஜிசிசிக்கு லிப்ஜிசிசி, எல்எல்விஎம்முக்கு கம்பைலர்-ஆர்டி என்று அந்த ஃபங்ஷன்களுக்குத் தனி லைப்ரரிகள் உண்டு. அங்கே பிழை புகுந்தால் நிரலை எழுதியவருக்கு அது கண்ணிலேயே படாது. அவர் போட்டது வெறும் வகுத்தல் குறி, அதை யார் சந்தேகிப்பார்கள்? ஆகவே இந்த லைப்ரரிகளுக்கான ரிக்ரஷன் சோதனையில் அலட்சியத்துக்கு இடமில்லை. ஆனால் பரவலாக நடப்பது, கையருகே உள்ள எக்ஸ்86-64 இயந்திரத்தில் ஓட்டித் தேறிவிட்டால் மாற்றத்தைச் சேர்த்துவிடுவதுதான். நான் வலியுறுத்துவது இது: சோதனை இயந்திரங்களைப் புழக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எந்தக் குணத்தில் ஒன்று மற்றொன்றிலிருந்து மாறுபடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாறுபாடுகள் சிறியவை அல்ல. முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸ்86 நிரலை நிறுத்திவிடும். 64 பிட் ஏஆர்எம் பேசாமல் 0 தரும். ரிஸ்க்-ஃபைவ் எல்லா பிட்டும் 1 ஆன எண்ணைத் தரும். லினக்ஸில் சாதாரண சார் வகை எக்ஸ்86-ல் குறியுள்ளது, ஏஆர்எம்மிலும் பவர் ப்ராசஸரிலும் குறியற்றது. லாங் டபுள் என்பது எக்ஸ்86-ல் 80 பிட், 64 பிட் ஏஆர்எம் லினக்ஸில் 128 பிட், 32 பிட் ஏஆர்எம்மில் வெறும் டபுள். பெருக்கிக் கூட்டும் ஒரு கோவையை 64 பிட் ஏஆர்எம்முக்கு ஜிசிசி வழக்கமாக ஒரே கட்டளையாக இணைத்துவிடுவதால் முழுமையாக்கல் ஒருமுறைதான் நடக்கும். அடிப்படை எக்ஸ்86-64-ல் அந்தக் கட்டளை இல்லாததால் இருமுறை நடக்கும், கடைசி பிட் மாறலாம். இதைக் கண்டு சோதனையின் சகிப்பு எல்லையை எல்லா இயந்திரங்களுக்கும் தளர்த்திவிடுவது ஆபத்து. உண்மையான துல்லியப் பிழையும் அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ளும். இணைப்பை அணைத்து ஒருமுறை, இணைப்போடு தனியாக ஒருமுறை என ஓட்டுவதே நேர்மையான வழி.

பிக் எண்டியன் இயந்திரங்கள் அருகிவிட்டன, அவற்றுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். பயனர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் மெனக்கெட வேண்டும் என்பேன். ஒரு ஃபங்ஷன் ஒரு முகவரியில் 64 பிட் மதிப்பை எழுதுகிறது, அழைத்தவர் அதே முகவரியை 32 பிட் எண்ணாகப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் எண்டியனில் கீழ்ப் பாதி முதலில் இருப்பதால் சிறிய எண்களுக்கு விடை சரியாகவே வரும். பிழை உறங்கிக் கிடக்கும். ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் போன்ற பிக் எண்டியன் இயந்திரத்தில் அதே இடத்தில் பூஜ்யம் வரும், சோதனை அங்கேயே தோற்கும். லிப்ஜிசிசியின் அகல எண் கணக்குகள் எண்ணை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரித்தே நடக்கின்றன. அந்தப் பாதிகளின் வரிசை எண்டியனுக்கேற்ப மாறும். இந்த லைப்ரரிக்கு பிக் எண்டியன் இயந்திரத்தைவிடக் கூர்மையான பரிசோதகர் எனக்குத் தெரிந்து இல்லை.

செலவு பற்றிய கேள்வி நியாயமானது. எக்ஸ்86-64, எஸ்390எக்ஸ், பவர், 32 பிட் ஏஆர்எம் ஆகிய நான்கும் மேற்சொன்ன மாறுபாடுகளில் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். கட்டற்ற மென்பொருள் உருவாக்குவோருக்குப் பல வகை இயந்திரங்களைத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தரும் ஜிசிசி கம்பைல் ஃபார்மும் இருக்கிறது. வேறு ப்ராசஸரை மென்பொருளிலேயே போலச் செய்யும் க்யூஇஎம்யூ போதாதா? கணக்குக்கும் எண்டியனுக்கும் பெரும்பாலும் போதும். நினைவக வரிசைக்குப் போதாது. தரவை எழுதிவிட்டுக் கொடியை உயர்த்தினால், எக்ஸ்86 அந்த இரண்டு எழுத்துகளையும் அதே வரிசையில்தான் பிற கோர்களுக்குக் காட்டும். ஏஆர்எம்முக்கும் பவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எக்ஸ்86 மேல் ஓடும் க்யூஇஎம்யூவில் அடியில் இருப்பது எக்ஸ்86-இன் கண்டிப்பே என்பதால், எழுத்துகளின் வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளை விடுபட்டிருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். ஆகவே இந்த வரிசையை நம்பியிருக்கும் அட்டாமிக் ஃபங்ஷன்களுக்கு மெய்யான வன்பொருளே வேண்டும்.

முடிவுகளைப் படிப்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. ஒரு ப்ராசஸரின் முடிவை மற்றொன்றோடு ஒப்பிடாமல், அதே இயந்திரத்தில் மாற்றத்துக்கு முன் எடுத்த முடிவோடு ஒப்பிட வேண்டும். அதுவும் மொத்த எண்ணிக்கையாக அல்ல, சோதனைப் பெயர் வாரியாக. ஒன்று தோற்று வேறொன்று தேறினால் கூட்டுத்தொகை மாறாது. ஜிசிசியின் சோதனைகளை ஓட்டும் டெஜாக்னூ 'ஆதரவில்லை' என்று ஒதுக்கும் சோதனைகளை நான் தோல்விக்குச் சமமான சந்தேகத்தோடு பார்ப்பேன்: வசதி இருக்கிறதா என்று பார்க்கும் முன்சோதனை உடைந்தால், அதை நம்பியிருக்கும் சோதனைகள் அனைத்தும் ஓடாமலே ஒதுங்கிவிடும், தோல்வி என்று ஒரு வரிகூட வராது. 'எதிர்பார்த்த தோல்வி' என்று குறிப்பதானால் எந்த டார்கெட்டுக்கு என்பதையும் சேர்த்தே குறியுங்கள். எல்லா டார்கெட்டுக்கும் பொதுவாகக் குறித்தால், நேற்றுவரை பவரில் மட்டும் தோற்றது நாளை எக்ஸ்86-லும் தோற்கும்போது அறிக்கை அதையும் எதிர்பார்த்ததாகவே காட்டும்.