அடைக்கலம் கொடுத்த பிறகு

நாய் நன்றியுள்ள பிராணி என்று தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதாதவர் நம்மில் குறைவு. அக்கட்டுரைகளில் நாயின் கடமை இருக்கும். வளர்ப்பவரின் கடமை இருக்காது. விடுபட்ட அந்தப் பாடத்தை இங்கே பார்ப்போம்.

ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதையிலும் கால்வாய் ஓரத்திலும் கத்தும் குட்டியைத் தூக்கி வருபவர்களில் மாணவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். சிலர் படிப்பு முடிந்ததும் வெளிநாடு செல்லவிருப்பவர்கள். படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். நாயோ பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

முதலில் குட்டியின் வயதை அறிய வேண்டும். கண் திறக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்கும் குறைவு. பால்பல் முளைத்திருந்தால் மூன்று அல்லது நான்கு வாரம் இருக்கலாம். உடல் குளிர்ந்திருந்தால் உடனே பால் கொடுக்கக்கூடாது; துணியில் சுற்றி மெல்லச் சூடேற்றிய பிறகே கொடுக்க வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நாய்க்குட்டிகளுக்கான பால்மாவே ஏற்றது. மல்லாத்தாமல், குப்புறப் படுத்த நிலையில் ஊட்ட வேண்டும். மிகச் சிறிய குட்டிக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை பால் வேண்டும். விரிவுரைக்குச் செல்லும் ஒருவரால் இதைத் தனியே செய்ய இயலாது. அறைத்தோழர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, ஏறக்குறைய 16 வாரம் வரை தொடரும். அது முடியும்வரை தெருவில் நடக்க விடாதீர்கள். மலத்தின் வழியே பரவும் பார்வோ கிருமி குட்டிகளைக் கொல்லக்கூடியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எப்போது போடுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டி கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பினாங்கில் இது ஏட்டுப் பாடமன்று. 2015 செப்டம்பரில் இங்கு வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டபோது, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அத்தகைய வேளையில் உரிமமும் தடுப்பூசிச் சான்றும்தான் ஒரு நாயை வளர்ப்பு நாய் என்று காட்டும். ஆகவே மாநகர் மன்ற உரிமம் பெறுவது அவசியம். 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அடுத்தது பிரிவு. நாயை உடன் கொண்டு செல்ல விரும்பினால் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை என்று வரிசையாகச் செய்ய வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியா போன்ற நாட்டிற்கு, இரத்த மாதிரி ஆய்வகத்தை அடைந்த பின் 180 நாட்களேனும் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிற்கென்றால் சென்னையிலுள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். ஆகவே இறுதியாண்டின் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பிப்பது நல்லது.

கொண்டு செல்ல இயலாது என்று தெரிந்தால், குட்டியாக இருக்கும்போதே நல்ல வீடு தேடுங்கள். ஜெலுத்தோங்கிலுள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். கடைசித் தேர்வு முடிந்த வாரத்தில் ஆள் தேடினால் கிடைக்காது. அந்நாய் மீண்டும் தெருவுக்கே வரும். அதுவும் தெருவில் பிழைக்கத் தெரியாத நாயாக.