வணிகமொன்றைப் பதிவு செய்தல்

"எல்லா வணிகங்களும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும்" எனச் சில மாணவர்கள் விடை எழுதுவதுண்டு. இது சரியான விடையன்று. பதிவு அவசியமா என்பது வணிகத்தின் பெயரிலும் அமைப்பிலும் தங்கியுள்ளது.

1. தனிவியாபாரமும் பங்குடைமையும்

சுன்னாகத்தில் கமலா என்பவர் தையற்கடை தொடங்குகிறார் எனக் கொள்வோம். தமது சொந்தப் பெயரை மட்டும் பயன்படுத்தினால் பதிவு கட்டாயமன்று. "மல்லிகை தையலகம்" எனப் பெயரிட்டால் பதிவு செய்தல் வேண்டும். பங்காளர் அனைவரதும் உண்மைப் பெயர்களில் மட்டும் நடைபெறாத பங்குடைமைக்கும் இது பொருந்தும்.

1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி, வணிகம் தொடங்கி 14 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். தற்போது இப்பணி மாகாண சபைகளின் கீழ் நடைபெறுகிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பெறலாம். அதில் குறிப்பிட வேண்டியவை:

• வணிகப் பெயர்
• வணிகத்தின் தன்மை
• பிரதான வணிக இடம்
• தொடங்கிய திகதி
• உரிமையாளரின் (பங்காளர்களின்) முழுப்பெயர், முகவரி, நாட்டினம்

கிடைக்கும் சான்றிதழை வணிக இடத்தில் பலரும் காணக்கூடியவாறு வைத்தல் வேண்டும். வணிகப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் அது உதவும். பதிவு செய்யத் தவறினால், வாடிக்கையாளர் தர வேண்டிய பணத்தை வழக்கிட்டு அறவிடுவதில் தடை ஏற்படலாம்.

2. கம்பனி

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கம்பனிப் பதிவாளரிடம் பதிவு செய்தல் கட்டாயமாகும். பதிவு செய்யப்படும்வரை கம்பனி என்ற ஒன்று தோன்றுவதில்லை.

3. முக்கிய வேறுபாடு

பெயரைப் பதிவு செய்வதால் தனிவியாபாரம் உரிமையாளரிலிருந்து வேறான சட்ட ஆளாக மாறுவதில்லை. கமலாவின் கடை ரூபா 800 000 கடன்பட்டுள்ளது. கடையின் சொத்துக்களை விற்று ரூபா 500 000 மட்டுமே பெறப்பட்டது எனின், மீதி ரூபா 300 000 ஐ அவர் தமது சொந்தச் சொத்திலிருந்து செலுத்த வேண்டும். சுவரில் சான்றிதழ் தொங்குவதால் இப்பொறுப்பு குறையாது. வரையறுத்த கம்பனியிலோ பங்குதாரரின் பொறுப்பு, அவர் தமது பங்குகளுக்குச் செலுத்த வேண்டிய தொகையுடன் முடிவடையும்.

பயிற்சி வினா

"வணிகப் பெயரைப் பதிவு செய்ததால் எனது பொறுப்பு வரையறுக்கப்பட்டுள்ளது" எனத் தனிவியாபாரி ஒருவர் கூறுகிறார். இக்கூற்று சரியா? காரணம் தருக.

விடை: சரியன்று. பதிவு செய்யப்பட்டது பெயர் மட்டுமே. தனிவியாபாரத்துக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லாமையால் உரிமையாளரின் பொறுப்பு வரையறையற்றதாகவே இருக்கும்.