சாடிக்கும் ஒரு மாரி வேண்டும்
(தும்புச்சோற்றில் செடி வளர்த்தல்: ஊட்டலும் கழுவலும்)

வீட்டுத்தோட்டம் என்ற சொல் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எல்லோர் வாயிலும் அடிபடத் தொடங்கியது. காணி உள்ளவர்கள் பாத்தி கட்டினார்கள். காணி இல்லாதவர்கள் சாடியிலும் உரப்பையிலும் மிளகாயும் கத்தரியும் நட்டார்கள். மண்ணுக்குப் பதிலாகப் பலர் தேர்ந்தெடுத்தது தும்புச்சோறு. பாரமில்லை, களையில்லை, நீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். ஆயினும் முதல் மாதம் செழித்து நின்ற செடி மூன்றாம் மாதம் இலைநுனி கருகி நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். “பசளை காணாது” என்று மேலும் ஒரு கரண்டி போடுகிறார்கள். செடி இன்னும் வாடுகிறது.

இதற்கான விடையைப் பூநகரி நிலமே நமக்குச் சொல்லித் தருகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூநகரி சொல்லும் பாடம்

பூநகரியின் ஒரு பக்கத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மறுபக்கத்தில் பாக்குநீரிணைக் கடல். இதனால் இங்குள்ள பல கிணறுகளில் உவர்ச்சுவை தெரியும். கோடை ஏற ஏற அந்த உவர் கூடும். ஆயினும் பூநகரி என்றதும் வடபகுதி மக்களுக்கு நினைவுக்கு வருவது மொட்டைக்கறுப்பன் நெல். உவர் சூழ்ந்த நிலத்தில் நெல் எப்படி விளைகிறது? காலபோகத்தில், மாரி மழையை நம்பி விளைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகீழ்ப் பருவமழை, கோடையில் மேலே ஏறிய உப்பைக் கரைத்துக் கீழே கொண்டு செல்கிறது. வேர் நிற்கும் இடம் கழுவப்படுகிறது. மழை பொய்த்தால் பயிர் தண்ணீருக்காக மட்டும் தவிப்பதில்லை. கழுவப்படாத உப்பும் அதனை வருத்துகிறது.

வயலுக்கு இந்த வேலையை ஆண்டுதோறும் வானம் செய்கிறது. ஆனால் தாழ்வாரத்தில் இருக்கும் சாடிக்கு மாரியும் இல்லை, கீழே இறங்க ஆழமும் இல்லை. எனவே சாடிக்கு நாம்தான் மாரியாக வேண்டும்.

தும்புச்சோறு என்பது என்ன?

தேங்காய்ப் பொச்சிலிருந்து தும்பைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கபில நிறத் தூளே தும்புச்சோறு. புத்தளம், குருநாகல் மாவட்டங்களின் தும்பு ஆலைகளில் இது ஒருகாலத்தில் குப்பையாகவே குவிந்து கிடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நீண்டகாலம் வாழ்ந்து, பின்னர் நாச்சிக்குடா போன்ற ஊர்களுக்குத் திரும்பிய குடும்பங்களில் உள்ள பெரியவர்களைக் கேட்டால், அந்தக் குவியல்களைப் பற்றிச் சொல்வார்கள். இன்று அதே தூள் அமுக்கப்பட்டுக் கட்டியாகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. 5 கிலோகிராம் கட்டி ஒன்றை நீரில் ஊறவிட்டால் ஏறக்குறைய 60 முதல் 75 லீற்றர் வரையான தூள் கிடைக்கும். தன் நிறையைப் போல ஏழெட்டு மடங்கு நீரை அது பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. அவற்றை அறியாமல் செடி நடக்கூடாது.

முதலாவது, அது வெறுமையாக வருவதில்லை. தென்னை கடலோரத்தை விரும்பும் மரம். அதன் பொச்சில் இயல்பாகவே பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் உள்ளன. பொச்சை உவர்நீரில் ஊறவைத்துத் தும்பெடுத்திருந்தால் உப்பு இன்னும் அதிகமாக இருக்கும்.

இரண்டாவது, அது கற்றயன்களைப் பிடித்து வைத்துப் பரிமாறும் இயல்புடையது. புதிய தும்புச்சோற்றின் பரிமாற்றிடங்களில் பொற்றாசியமும் சோடியமும் அமர்ந்திருக்கும. நாம் கல்சியமும் மக்னீசியமும் அடங்கிய பசளைக் கரைசலை ஊற்றினால், தும்புச்சோறு அவற்றைத் தான் பிடித்துக்கொண்டு சோடியத்தையும் பொற்றாசியத்தையும் நீருக்குள் விடுகிறது. செடிக்குப் போகவேண்டிய கல்சியம் தும்புக்குப் போகிறது. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்குக் கல்சியக் குறைபாடு முக்கிய காரணம் என்பதை விவசாயம் கற்கும் மாணவியர் அறிவீர்கள்.

நடுவதற்கு முன்: கழுவி, கல்சியம் ஊட்டல்

கட்டியை நீரில் ஊறவைத்து, துணிப்பையில் இட்டுப் பிழிந்து, புதிய நீரில் மீண்டும் ஊறவிட வேண்டும். தேயிலைச் சாயம் போன்ற நிறம் முதலில் இறங்கும். இவ்வாறு மூன்று முறையாவது செய்க. உப்பு இறங்குகிறதா என்பதை உயர்தர இரசாயனவியல் மாணவியர் ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம். முதல் கழுவல் நீரிலும் மூன்றாம் கழுவல் நீரிலும் சிறிதளவு வடித்தெடுத்து, ஐதான நைத்திரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சில துளிகள் இடுக. முதலாவதில் வெண்ணிற வீழ்படிவு தடிப்பாகத் தோன்றும். மூன்றாவதில் அது வெகுவாகக் குறைந்திருந்தால் கழுவல் பலித்தது என்று கொள்ளலாம்.

ஆனால் நீர் மட்டும் பரிமாற்றிடங்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை அகற்றாது. அதற்கு வேறொரு கற்றயன் வந்து இடத்தைப் பிடிக்க வேண்டும். 10 லீற்றர் நீருக்கு 20 கிராம் அளவில் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து, அதில் தும்புச்சோற்றை ஓரிரவு ஊறவிட்டு வடித்து, ஒருமுறை நல்ல நீரில் அலசுக. கல்சியம் உள்ளே அமரும், சோடியமும் மிகையான பொற்றாசியமும் வெளியேறும்.

இவ்வாறு தயாரித்த தும்புச்சோற்றுடன் நன்கு உக்கிய கூட்டெருவைக் கலப்பது நல்லது. தும்புச்சோற்றில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. நுண்ணங்கிகள் அதனை உக்கச் செய்யும்போது சுற்றியுள்ள நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். கூட்டெரு அதனை ஓரளவு ஈடுசெய்யும்.

உப்புக் கணக்கு

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். நீரில் கரைந்துள்ள உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். அதன் அலகு ஒரு மீற்றருக்கு டெசிசீமன். 1 அலகு காட்டும் நீரில், லீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். உலக உணவு விவசாய நிறுவனம் 1985இல் வெளியிட்ட பாசன நீர்த்தரம் பற்றிய கைநூலின்படி 0.7 இற்குக் குறைந்த நீரால் பயிருக்குச் சிக்கலில்லை. 3 இற்கு மேற்பட்டால் கடுமையான சிக்கல். மண்ணில் உப்பு ஏறும்போது விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை போஞ்சிக்கு 1.0, மிளகாய் இனத்துக்கு 1.5, தக்காளிக்கு 2.5.

ஒரு கிணற்று நீரின் அளவு 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாடிக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் ஊற்றுகிறோம். “வீணாகப் போகக்கூடாது” என்று ஒரு துளியும் கீழே வடியாதபடி ஊற்றுகிறோம். செடி நீரைக் குடிக்கிறது, சோடியத்தையும் குளோரைட்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. 30 நாளில் 30 லீற்றர். அதிலிருந்த உப்பு 19 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்கு மேல். பத்து லீற்றர்ச் சாடி ஒன்றில் யாராவது மூன்று தேக்கரண்டி உப்பைக் கொட்டுவார்களா? நாம் அறியாமலே கொட்டுகிறோம். இதற்குமேல் போடும் பசளையும் உப்புத்தான். வாடிய செடிக்கு மேலும் பசளை போடுவது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும். வேருக்கு வெளியே கரைசல் செறிவானால், பிரசாரண விதிப்படி வேர் நீரை உறிஞ்சத் திணறும். ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும்.

இப்போது ஊற்றும் நீரில் ஒரு பகுதியை வடிய விடுவோம். உள்ளே போகும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாகும் நிலையில், பத்தில் ஒரு பங்கு வடிந்தால் வடிநீரின் அளவு 10 ஆக இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு வடிந்தால் 5. பாதி வடிந்தால் 2. வேரைச் சுற்றி உப்பு எவ்வளவு ஏறும் என்பதை வடியும் பங்குதான் தீர்மானிக்கிறது.

ஆனால் பாதி நீரை வடியவிட எந்த வீட்டால் முடியும்? இங்கேதான் மழைநீர் கைகொடுக்கிறது. மழைநீரில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். கிணற்று நீரையும் மழைநீரையும் சம அளவில் கலந்தால் அளவு 0.5 ஆகிறது. அப்போது ஐந்தில் ஒரு பங்கு வடிந்தாலே வடிநீர் 2.5 இல் நிற்கும். கூடுதலாக ஊற்றுவதிலும் கலந்து ஊற்றுவதில் பயன் அதிகம்.

ஊட்டும் முறை

பசளைக் கடைகளில் கிடைக்கும் அல்பேட் கலவை, தாவரத்துக்குத் தேவையான போசணைகளைக் கொண்டது. உறையில் குறிப்பிட்ட அளவில் அரைப்பங்கைக் கரைத்து வாரத்துக்கு இருமுறை ஊற்றுவது, முழு அளவை ஒரேயடியாக ஊற்றுவதிலும் நல்லது. “குறைவாக, அடிக்கடி” என்பதே தும்புச்சோற்றுக்கான விதி. நாற்றுக்கு இன்னும் ஐதாக்கிக் கொடுக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் சாடிக்குப் பசளைக் கரைசலை ஊற்றக்கூடாது. முதலில் நீர் ஊற்றி ஈரமாக்கி, பின்னரே ஊட்ட வேண்டும்.

கழுவும் முறை

கோடையில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் காலையில் செய்க.

1. சாடியின் அடித்துவாரங்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க. சாடியை இரண்டு கல்லின் மேல் உயர்த்தி, கீழே தட்டு அல்லது வாளி வைக்க.

2. சாடியின் கொள்ளளவுக்குச் சமமான கிணற்று நீரை மெதுவாக, சுற்றிவர ஊற்றுக. வேரைச் சுற்றியுள்ள கரைசல் 5 ஆக இருக்கும்போது, 1 அளவுள்ள கிணற்று நீரும் அதனைக் கழுவ உதவும்.

3. அரைமணி நேரம் பொறுத்திருக்க. உள்ளே ஒட்டியுள்ள உப்பு கரைந்து வர நேரம் வேண்டும்.

4. இறுதியாக, சாடியின் கொள்ளளவில் பாதியளவு மழைநீரை ஊற்றுக.

5. கழுவலில் உப்போடு நைத்திரேற்றும் பொற்றாசியமும் போய்விடும். எனவே முடிந்ததும் அரைப்பங்குப் பசளைக் கரைசலைச் சிறிதளவு கொடுக்க.

உங்கள் கிணற்று நீர் 3 இற்கு மேல் காட்டினால் இரண்டாம் படியைத் தவிர்த்து மழைநீரையே இருமுறை ஊற்றுவது நல்லது.

மானி இல்லாதவர்கள் என்ன செய்வது? கறுப்புத் தட்டு ஒன்றில் வடிநீரில் ஒரு கரண்டியும், சற்றுத் தள்ளி ஊற்றும் நீரில் ஒரு கரண்டியும் விட்டு வெயிலில் காயவிடுக. வடிநீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவு மிகத் தடிப்பாக இருந்தால் கழுவும் காலம் வந்துவிட்டது. சாடியின் விளிம்பில் வெண்பூப்பதும், முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகுவதும் மற்ற அடையாளங்கள். இலை சுருள்வதை மட்டும் வைத்து உப்பு என்று முடிவு செய்யக்கூடாது. மிளகாயில் அதற்குப் பூச்சிகளும் காரணமாகும்.

பெற்றோருக்கு ஒரு கணக்கு

வுழூச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். குடிநீரை வவுசர் பார்த்து நிரப்பும் வீடுகளில், சாடியைக் கழுவ நீரா என்று உம்மாமார் கேட்பது நியாயமே. கணக்குப் பார்ப்போம்.

ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 30 சதுர மீற்றர்க் குசினிக் கூரையில், மாரியில் 100 மில்லிமீற்றர் பெய்தாலே 3000 லீற்றர். சிந்துவது போக 2400 லீற்றர் சேரும் என்று கொள்வோம். பத்துச் சாடிகளுக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் வீதம் மழைநீர் கலக்க 5 லீற்றர் வேண்டும். ஆறு மாதக் கோடைக்கு 900 லீற்றர். பத்து லீற்றர்ச் சாடிகளை இரு வாரத்துக்கொருமுறை கழுவும்போது ஒவ்வொன்றுக்கும் 5 லீற்றர் மழைநீர். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 600 லீற்றர். மொத்தம் 1500. மாரியில் பெய்யும் மழையின் ஒரு சிறு பகுதி கோடை முழுவதும் பத்துச் செடிகளைக் காக்கும். முதல் மழையில் கூரைத் தூசி வருமாதலால் அதனை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து சேர்க்க வேண்டும்.

வடிந்த நீரும் வீணல்ல. தென்னை உவரை ஓரளவு தாங்கும் மரம். வடிநீரை அதன் அடியில் ஊற்றலாம். ஆனால் தட்டில் தேங்க விடவே கூடாது. விட்டால் சாடி அந்த உப்பை மீண்டும் உறிஞ்சும். அதோடு டெங்கு நுளம்புக்கும் அது முட்டையிட இடமாகும். சேமிப்புத் தொட்டியையும் மூடியே வைக்க வேண்டும்.

அன்பு மாணவியரே, செடி வளர்ப்பில் எல்லோரும் மேலே எதை ஊற்றுவது என்றுதான் கேட்கிறார்கள். கீழே எது வெளியேறுகிறது என்று பார்ப்பவரின் செடியே கோடையைத் தாண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரைப்பீலியைத் துப்பரவு செய்து, அதன் கீழ் ஒரு பீப்பாயை வையுங்கள். மிளகாய் விதையை அதற்குப் பிறகு தேடினால் போதும்.